இருநூறு மடங்கு

வால்நட்சத்திரம் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த எண்பத்தாறாம் வருஷம். போடியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். நானே செய்த தொலைநோக்கிக்கு ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை, வாங்க மனைவியோடு மதுரைக்குப் போனேன்.

பைனாகுலர் பழுதுபார்க்கும் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். பெரியது குறைவாகத்தான் பெரிதாக்கும்; ஆனால் அகலமாகக் காட்டும். பட்டாணி அளவில் இருந்த மற்றது இருநூறு மடங்கு பெரிதாக்கும் என்றார். மனைவி இரண்டையும் கடையில் இருந்த தொலைநோக்கிக் குழாயில் மாட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பெருசுல கோபுரமே முழுசாத் தெரியுது. சின்னதுல ஒரு பொம்மையத் தேடவே கண்ணு வலிக்குது. வாலு நீளமா இருக்கும்னுதானே சொன்னீங்க?"

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு" என்றேன். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இருநூறு மடங்கு என்று மற்ற வாத்தியார்களிடம் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. சின்னதையே வாங்கினேன்.

மாமனார் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வால்நட்சத்திரம் பார்க்கவென்றே லோடு ஜீப்பில் இறங்கி வந்தார். விடியற்காலையில் மொட்டைமாடியில் தெருவே கூடிவிட்டது. எனக்கோ அது அகப்படவே இல்லை. குழாயைத் தொட்டாலே வானம் நழுவி ஓடியது. கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும், கிடைத்த ஏதோ ஒரு நட்சத்திரத்தில் நிறுத்தி "இதுதான்" என்றேன்.

மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"வாலக் காணோமே மாப்ளே?"

"ரொம்பத் தூரத்துல இருக்குல்ல மாமா. இப்பிடித்தான் தெரியும்."

"அப்பச் சரி. பாத்துட்டேன்" என்று கும்பிட்டார்.

மனைவி கடைசியாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காப்பி போடக் கீழே இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் தனியாக மதுரைக்குப் போய்ப் பெரிய வில்லையை வாங்கி வந்தேன். அதற்குள் வால்நட்சத்திரம் மங்கிவிட்டது. மறு வருஷம் தை மாதத்தில் அந்த வில்லை வழியே கார்த்திகை நட்சத்திரங்கள் மொத்தமும் ஒரே வட்டத்துக்குள் தெரிந்தன. "அழகா இருக்கு" என்றாள் மனைவி. நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். "வில்லை நல்ல வில்லை" என்றுதான் வந்தது.

மாமனாரிடம் உண்மையைச் சொல்லவென்றே இரண்டு முறை மலையேறினேன். இரண்டு முறையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மாப்ளே காட்டி நான் கண்ணாரப் பாத்தேன்யா." எதிர்வரிசையில் இருந்த நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் மனைவிதான் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் நிமிரவில்லை.