பதினொரு மில்லிகிராமும் மீன்கடை ஐஸும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பேராதனையில் எங்கள் ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சிங்கள உதவியாளர் தொலைபேசியில் அழைத்தார். தமிழில் துக்கச் செய்தி சொல்வதற்கென்று அவரிடம் தனிக் குரல் ஒன்று உண்டு.

"சேர், டீப் ப்ரீசர் வேல இல்ல. வெள்ளிக்கிழம கரண்ட் போனது. மெஷின் திரும்ப எழும்ப இல்ல."

பதறுவதில் நான் கைதேர்ந்தவன். பிள்ளைக்குத் தும்மல் வந்தால் எனக்கு ஆஸ்பத்திரி வாசனை வரும். அன்று ப்ரீசருக்குள் இருந்தது என் பிள்ளையல்ல. என் ஆராய்ச்சி மாணவியின் ஒன்றரை வருட உழைப்பு. சின்னக் குப்பியொன்றின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பதினொரு மில்லிகிராம் வெள்ளைத் தூள். திங்கட்கிழமை அதை நொதியத்தோடு சேர்த்துக் கடைசிச் சோதனை. மாத முடிவில் அவளுடைய உதவித்தொகை நின்றுவிடும். தூள் போனால் ஆய்வேடும் போகும்.

தூள் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். உடம்பிலுள்ள நொதியங்கள் பல தனியே வேலை செய்யமாட்டா. விற்றமினிலிருந்து உண்டாகும் துணைநொதியம் ஒன்று கூட நிற்கவேண்டும். அந்தத் துணை மிகவும் தொட்டாற்சிணுங்கி. கொஞ்சம் சூடு, கொஞ்சம் காரம் பட்டால், சர்க்கரைப் பகுதியும் விற்றமின் பகுதியும் உறவை முறித்துக்கொள்ளும். அதன் சர்க்கரை வளையத்திலிருந்து ஒரு ஒட்சிசனை எடுத்துவிட்டு அங்கே காபனை வைத்தால் முறிவு வராது என்பதுதான் எங்கள் நம்பிக்கை. அப்படி முறியாத ஒன்று, துணை குறைந்துபோன நோயாளிக்கு என்றாவது மருந்தாகலாம். ஆகாமலும் போகலாம். முதலில் நொதியம் அதை ஏற்கவேண்டுமே.

இத்தனையும் அறிந்த நான் செய்த முதல் காரியம், வீட்டருகே பிலிமத்தலாவைச் சந்தியிலிருந்த மீன்கடைக்கு ஓடியது. துணைநொதியம் என்றாலே ஐஸ் என்று கைக்குப் பழகியிருந்தது. கடைக்காரர் ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைப் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டார். கூடவே இரண்டு சாளை மீன்களும் தவறி விழுந்தன. எடுக்க நேரமில்லை.

முச்சக்கரவண்டிக்காரர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பேராதனை ஆஸ்பத்திரிக்கா சேர்? கிட்னியா?"

"கிட்னி இல்ல தம்பி. துணைநொதியம்."

"அது ஒடம்புல எங்கன இருக்கு?"

"எல்லா எடத்துலயும்."

ஹோர்னில் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. கொழும்பு பஸ்ஸொன்று எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டதை அன்றுதான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கல்ல, கெம்பஸுக்கு என்று திருத்த இரண்டு தரம் வாயெடுத்தேன். வேகம் வசதியாக இருந்ததால் மூடிக்கொண்டேன். கடைசியில் கெம்பஸ் வாசலில் நிறுத்தச் சொன்னபோது அவர் குழம்பினாலும், "நல்லபடியா முடியட்டும் சேர்" என்றார். வெட்கமாக இருந்தது.

ப்ரீசருக்குள் ஒரே மாதிரி இரண்டு குப்பிகள். ஒன்றில் அவள் செய்தது. மற்றதில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த இயற்கையான சரக்கு. இரண்டையும் ஐஸுக்குள் கழுத்துவரை புதைத்துவிட்டு மாணவிக்கு அறிவித்தேன். அவள் அலவத்துகொடவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது நான் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கதிரையில் இருந்தேன்.

"என்னத்துக்கு சேர் ஐஸ்?"

"கெட்டுப்போகாம இருக்க."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "கெட்டுப்போகாத ஒன்றச் செய்யத்தானே சேர் ஒன்றர வருஷம் என்னப் படுத்தினீங்க."

அவள் குப்பிகளை வெளியே எடுத்தாள். ஈர ஐஸில் இரண்டு லேபலிலும் மை கரைந்து நீலக் கறையாகியிருந்தது. இரண்டிலும் வெள்ளைத் தூள், ஏறக்குறைய ஒரே அளவு. மூன்று நாள் வெப்பம் செய்யாத நாசத்தை என் மீட்புப்பணி ஒன்றரை மணித்தியாலத்தில் செய்து முடித்திருந்தது.

"எது எங்கடது?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அவள் அழவில்லை. ஒவ்வொன்றிலும் ஊசிமுனையளவு எடுத்து, மெல்லிய பூச்சுத் தட்டில் புள்ளியிட்டு, கரைசலை மேலே ஏறவிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. எது எதுவென்று தட்டு பிரித்துக் காட்டவில்லை.

"சேர், ரெண்டையும் கொஞ்சம் கொடுமப்படுத்திப் பாப்போம். தாங்காதது பழசு. தாங்கினா அது என்ட."

"ரெண்டும் தாங்காட்டி?"

"அப்ப நான் ஊர்ல வாப்பாட மீன் கடயில போய் நிக்கிறன். சேரும் வாங்க. மீன் பெட்டி தூக்கலாம்."

இரண்டிலிருந்தும் இன்னொரு துளி எடுத்துக் காரநீரில் கலந்து, சுடுநீர்த் தொட்டியில் வைத்தாள். ஒரு மணித்தியாலம். நான் நடந்தேன். சாளை மீன் வாசனையும் என்னோடு நடந்தது. "ஒரு எடத்துல இரிங்க சேர், தல சுத்துது" என்றாள். இருந்தேன். கால் மட்டும் தன்பாட்டில் ஆடியது.

புதிய தட்டை அவள் புறஊதா விளக்கின் கீழே பிடித்தாள். இடப்பக்கம் ஒரு புள்ளி இரண்டாகப் பிளந்து மேலும் கீழும் கிடந்தது. வலப்பக்கம் ஒரே புள்ளி, ஏறிய உயரத்திலேயே கறுப்பாக நின்றது.

"வலது," என்றாள். பிறகு பென்சிலால் லேபல் எழுதி ஒட்டி, குப்பியை ஐஸிலல்ல, சாதாரண அலுமாரித் தட்டிலேயே வைத்தாள். கதவைச் சாத்துமுன் அது நன்றாக மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். விரலைத் தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை என்னை அறைக்குள் வரவிடவில்லை. "கை நடுங்குற ஆள் பக்கத்துல இருந்தா எனக்கும் நடுங்கும் சேர்." நான் தாழ்வாரத்தில் நின்று, அறிவித்தல் பலகையிலிருந்த பழைய பரீட்சை நேரசூசியை நாலு தரம் வாசித்தேன். உள்ளே ஒரு கதிரை நகர்ந்த சத்தம்.

கதவைத் திறந்தவளின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"ஏத்துக்கிச்சா?"

"மெதுவாத்தான் சேர். மத்ததவிட நல்லா மெதுவு." மூச்சு வாங்கினாள். "ஆனா ஏத்துக்கிச்சி. அஞ்சு தரம் பாத்துட்டன்."

நான் தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தண்ணி கொண்டரவா சேர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவளும் ஒரு படி தள்ளி உட்கார்ந்து, உம்மாவுக்குப் போன் போட்டாள்.