பத்துப் பேருக்கு வேலை

அமெரிக்காவில் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கப் போகிறேன் என்று இலங்கை மலையகத்து ஹட்டனில் ஏழு பேரின் வேலையைப் பறித்தவர் எங்கள் முதலாளி. இதைக் கோபப்படாமல் சொல்ல எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். முடியவில்லை. இனி முயலப் போவதுமில்லை.

கடைத்தெருவில் அவருக்குப் பெரிய புடவைக்கடை இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே டைப்பிஸ்ட். அண்ணன் அதே கடையில் துணிக்கட்டுகளை இறக்கி அடுக்குகிறவன். திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். அவள் பெயர் பதிவில் இருந்ததால்தான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஓர் அறை. காம்பரா என்போம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை.

முதலாளிக்கு அமெரிக்காவில் குடியேற ஆசை. அந்த நாட்டு அரசு அங்கீகரித்த திட்டமொன்றில் பெரிய முதல் போட்டு, அதனால் பத்துப் பேருக்கு வேலை உண்டானது என்று காட்டினால், குடும்பத்தோடு அங்கே வாழ அனுமதி கிடைக்குமாம். அவர் பிடித்தது ஒரு ஹோட்டல் கட்டும் திட்டம். விண்ணப்பத்துக்கான கடிதங்களை நான்தான் அடித்தேன். பத்து முழுநேர வேலைகள் என்ற வரியை அடித்த அன்றே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் அவிழ்த்துவிட்டேன்.

"நம்ம கடையில ஏழு பேரு இருக்கோம். இன்னும் மூணு பேருதானே வேணும்?" என்றான் அண்ணன். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வெளியாள் சிரிக்கலாம். எங்கள் சனத்துக்கு வேலை என்றால் ஆளோடு ஆள் போவதுதான். வெள்ளைக்காரத் துரை காட்டை வெட்டித் தோட்டம் போட்டான். கங்காணி இந்தியாவிலிருந்த ஊருக்குப் போய்த் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தான். நாங்கள் இந்த மலைக்கு வந்த கதையே அதுதான். புதிய இடத்தில் தொழில் தொடங்குகிறவன் தன் ஆட்களை விட்டுவிட்டு முகம் தெரியாதவனுக்கு வேலை கொடுப்பான் என்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. மிச்சமிருந்த மூன்று இடத்துக்கு மச்சான், மருமகன் என்று பெயர் சொல்லிச் சண்டை நடந்தது. அண்ணனுக்கு "அமெரிக்கா கங்காணி" என்று பட்டப்பெயர் விழுந்தது.

அந்த மாதங்களில் மாடாய் உழைத்தோம். தீபாவளி வியாபாரத்தில் ஒருவர்கூட லீவு கேட்கவில்லை. முதலாளிக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டு, "அங்கல்லாம் ஐஸ் கொட்டுமாம். தாங்குவியாடா?" என்று கேட்டார். "நம்ம ஊரு மார்கழிய பாத்தவங்களுக்கு அதென்னங்க மொதலாளி" என்றான் அவன். கல்லாவில் கையை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த மாதம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை ஒன்று விழுந்திருக்கிறது, அண்ணன் ஒரு வாரத்துக்குள் பெயர் கொடுத்தால் அவனுக்குத்தான் என்றார். அம்மா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "காம்பரா தங்கும்டா. பேரக் குடுத்துருடா."

அண்ணன் என்னைப் பார்த்தான். "மொதலாளி அமெரிக்கா போறப்ப இவன் தேயில ஸ்டோர்ல மாட்டிக்கிட்டு இருக்கணுமா? நீங்க சும்மா இருங்கம்மா" என்றேன். இங்கிலீஷ் படித்த மகள் சொன்னால் அம்மாவுக்கு மறுபேச்சு ஏது? அண்ணன் பெயர் கொடுக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் என் வீட்டையே கெடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கொழும்பு வக்கீலிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. சுத்தமாக அடித்துத் தரச் சொன்னார் முதலாளி. அந்தப் பத்துப் பேரும் அந்த நாட்டுக் குடிமக்களாகவோ அங்கே வேலை செய்ய ஏற்கெனவே உரிமை உள்ளவர்களாகவோ இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மூன்று முறை படித்தேன். தாளோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மொதலாளி, இது முன்னாடியே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஏம்மா?"

"நீங்க கூட்டிட்டுப் போவீங்கன்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"கூட்டிட்டுப் போறேன்னு நான் எப்பயாச்சும் சொன்னேனா?"

சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. "இல்லன்னும் சொல்லலியே" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "சீசன் நேரம். நல்லா வேல செஞ்சுக்கிட்டு இருக்காங்க, எதுக்கு மனச நோகடிக்கணும்னு விட்டுட்டேன்."

அன்று பாதி நாளிலேயே பஸ் ஏறித் தோட்டத்துக்கு ஓடினேன். அந்த வேலைக்குப் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. அப்பா தனக்கொரு இலங்கைப் பிரஜாவுரிமைக் காகிதத்துக்காக அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்தே செத்தவர். நான்கு தலைமுறை வேலை செய்தவனுக்குத் திறக்காத கதவு, பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவனுக்குத் திறக்கிறது. எந்த நாட்டுச் சட்டமாக இருந்தால் என்ன, எல்லாம் முதல் போடுகிறவன் பக்கம்தான்.

முதலாளி கடையை விற்றார். வாங்கியவர் கட்டடத்தை மட்டும் வாங்கினார். ஆட்கள் வேண்டாம் என்றார். அம்மாவுக்கு ஓய்வு வந்தது. மாதக் கடைசிக்குள் அறையை ஒப்படைக்கச் சொல்லித் தோட்டத்து ஆபீஸிலிருந்து கடிதமும் வந்தது.

அதற்குப் பிறகும் முதலாளிக்கு எங்களிடம் ஒரு வேலை இருந்தது. அவருடைய பணம் நேர்மையான வியாபாரத்தில் வந்தது, ஆட்களை நல்லபடி வைத்திருந்தார் என்று பழைய வேலையாட்கள் எழுதிக் கொடுத்தால் விண்ணப்பத்துக்கு நல்லதாம். அதையும் நான்தான் அடித்தேன். ஒரு பிழையில்லாமல் அடித்தேன். அந்தத் தாளை ஏன் கிழித்துப் போடவில்லை என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் கையெழுத்துப் போட்டான். கீழே வீட்டு விலாசத்துக்கு ஒரு கோடு இருந்தது. பேனாவைப் பிடித்தபடி கேட்டான்: "எந்த வீட்டு அட்ரஸ போடுறதுங்க மொதலாளி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கட அட்ரஸயே போட்டுருப்பா" என்றார்.

அண்ணன் அதையே எழுதினான். அந்தக் கடை கைமாறி அன்றைக்கு ஒரு வாரம்.