நடுக்கடலில் திருத்திய வசனம்

அறுபதுகளின் தொடக்கம். ஆடி அமாவாசைக் கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத ராமேசுவரம் போயிருந்தேன். திரும்பும்போது பாம்பனில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். காற்று கடுமை, தணிகிற வரை பாலத்தில் ரயில் ஏறாது.

எனக்கு வியர்த்துவிட்டது. நான் எழுதிவந்த வானொலித் தொடர் நாடகத்தின் அந்த வாரப் பகுதி என் பையில் இருந்தது. மறுநாள் காலை திருச்சி வானொலி நிலையத்தில் ஒத்திகை, மாலையில் ஒலிபரப்பு. போன வாரமே தாமதம். இன்னொரு முறை பிந்தினால் தொடரையே நிறுத்திவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் இதையெல்லாம் சொல்லிக் கெஞ்சினேன். காற்றை அவர் என்ன செய்வார்?

பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு நின்ற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் சிலுவை.

"புருசன் கொழும்புக்குப் போயி வராம இருக்கானே, அந்தக் கதையா? பஞ்சாயத்து ரேடியோவுல கேக்கோம்ல! வாங்க, எங்க வள்ளம் மண்டபத்துக்குத்தான் போகுது."

"இந்தக் காத்துலயா?"

"ரயிலுக்குத்தான் சார் இது ஆகாது. பாய்க்கு நல்ல காத்து" என்றார் அவர் கணவர்.

பாயை விரித்ததும் வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தபடி பறந்தது. அலை முகத்தில் அறைந்தது. காகிதங்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். பயம்தான், ஆனால் கத்த வேண்டும் போல ஒரு குதூகலமும் இருந்தது. பாதி வழியில் அம்மாள் கேட்டார்.

"அவன் இந்த வாரமாச்சும் வாரானா?"

"வாரான்மா. ஆனா அங்க இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டேன்னு சொல்றான்."

"சேசுவே! அவ என்ன செய்யிறா?"

"அழறா."

"அழுறாளா? அம்புட்டுத்தானா? ஏங்க, வள்ளத்தத் திருப்புங்க!"

கணவர் சுக்கானில் கை வைத்தார். நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாதீங்க சார். இவளா இருந்தா அரிவாமனையத் தூக்கியிருப்பா" என்று சிரித்தார்.

அம்மாள் சிரிக்கவில்லை. "அரிவாமனை எதுக்கு? வாசல்ல நிக்க வச்சு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அங்க இருக்கவகிட்டயும் திரும்பி வாரேன்னு சொல்லிட்டுத்தான் வந்தியான்னு."

நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்த அழுகையை அந்த ஒரு கேள்வி அடித்துக்கொண்டு போனது.

மண்டபத்தில் இறங்கும்போது, "அவள அழ மட்டும் வச்சிராதீங்க" என்றார். பஸ் குலுக்கலில், முழங்கால்மேல் வைத்துக் கடைசிக் காட்சியைத் திருத்தி எழுதினேன். நான் திருச்சி போய்ச் சேர்ந்தபோது நடிகர்கள் ஒத்திகைக்கு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

மாலை, நேரடி ஒலிபரப்பு. கதாநாயகி அந்தக் கேள்வியைக் கேட்டாள். கணவனாக நடித்தவர் கையில் காகிதம் இருந்தும் அடுத்த வசனத்தைப் பேசாமல் நின்றுவிட்டார். அந்த மௌனமும் அப்படியே ஒலிபரப்பானது. பாம்பனில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை என்னால் கற்பனை செய்ய மட்டும்தான் முடிந்தது.

தொடர் நிற்கவில்லை. பிறகு பல வருடங்கள் தொடர்கள் எழுதினேன், பாராட்டும் கிடைத்தது. ஆனால் நான் படைத்த ஒரு பெண்ணுக்காக ஒருவர் கடல் நடுவில் என்னிடம் சண்டைக்கு வந்தாரே, அதற்கு இணையான மரியாதையை இன்னும் நான் பார்க்கவில்லை.