மூஞ்சூறும் பெண் பார்த்த ஞாயிற்றுக்கிழமையும்

என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் எங்கள் பருத்திப்பட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு மூஞ்சூறு. பின்கட்டுச் சாக்கடைக் குழாய் வழியாக நுழைந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளையை எனக்கு முன்பே தெரியும். மண்ணூர்பேட்டைக்கு நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு வருஷமாக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு வார்த்தை பேசாமல் தரகரைப் பிடித்து அனுப்பியிருந்தார். நானும் பார்த்தேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த இடம் தட்டிப்போய்விடக் கூடாதே என்று எனக்கு ஒரே படபடப்பு.

"புள்ளையாரு வாகனம்டா, அடிக்காத" என்று அம்மா கற்பூரம் தேடப் போனாள். அதற்குள் அண்ணன், "எங்க பூடும், பாக்கறேன்" என்று எல்லாக் கதவையும் சாத்திவிட்டுத் துடைப்பத்தோடு பாய்ந்தான். ஓட வழியில்லாத மூஞ்சூறு என்ன செய்யும்? பாயில் எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவைக்குள் புகுந்து, தன்னிடம் இருந்த நாற்றம் முழுவதையும் அதில் விட்டுவிட்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

இருந்ததே அந்த ஒரு பட்டுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. சாம்பிராணி காட்டினோம், பவுடர் கொட்டினோம், நாலு முழம் மல்லிகை வைத்தோம். நாற்றத்துக்கு மெருகு ஏறியதுதான் மிச்சம்.

நான் பஜ்ஜித் தட்டோடு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து பீரோவுக்கு அடியிலிருந்து அதுவும் சபைக்கு வந்தது. பெரியவர்கள் எல்லோரும் காலை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்கள். அண்ணன் மறுபடி துடைப்பத்தை எடுத்தான்.

"அண்ணாத்தே, தொடப்பத்த கீழ போடுங்க" என்றார் மாப்பிள்ளை. "தொரத்துனாதான் நாறும். கதவத் தொறந்துட்டு எல்லாரும் ஆடாம ஒக்காருங்க. செவுத்த ஒட்டிக்கினே பூடும்."

அப்படியே போனது. சிரிப்பை மறைக்க நான் பஜ்ஜித் தட்டின் மேல் குனிந்துகொண்டேன்.

"ஊட்டுக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று அவருடைய அம்மா எழுந்தார். அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அழாமல் இருந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் முதல்முறையாக என் பக்கத்தில் வந்து நின்றார். "அம்மாகிட்ட பேசிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம பூ வெக்க வரோம். கதவ மட்டும் சாத்தாம வைங்க."

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் எப்போது போனதென்றே தெரியவில்லை. அடுத்த ஸ்டாப்பிலிருந்து பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தேன். தலைமுடியில் இன்னும் மூஞ்சூறு வாசனை.