கார்டு இல்லாத கண்ணாடி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவருக்கு அரைமில்லி என்று பட்டம். வைத்தவர் கடை முதலாளியேதான். லென்ஸின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் "இது போகாது சார், வேற வெட்டணும்" என்று தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார் மனுஷர். லென்ஸ் என்ன சும்மாவா வருகிறது என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் இவர் கையால் போன கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வதும் அதே முதலாளிதான்.

அந்தப் பெருமைக்குக் காரணம் அரைமில்லியின் கைத்திறமை பாதி, கடையில் இருந்த முறை மீதி. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டில் ஒரு கார்டு, கார்டில் டாக்டர் எழுதின பவர். வலது கண் லென்ஸ் தட்டின் வலப்பக்கம், இடது கண் லென்ஸ் இடப்பக்கம். வெட்டிப் பொருத்தியதும் பவர் பார்க்கும் மெஷினில் வைத்து கார்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத கண்ணாடி முன்பக்கம் போகவே போகாது.

அவர் மனைவிக்கும் ஒரு பட்டம் உண்டு. பரவாயில்லை அம்மா. இது மகள் வைத்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால், "பரவாயில்ல, எப்படியும் இன்னைக்குத் துடைக்கணும்னு இருந்தேன்." காய்ந்த துணி மழையில் நனைந்தால், "பரவாயில்ல, இன்னொரு தடவை அலசின மாதிரி ஆச்சு." நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட, "ஜன்னல் ஓரமா கட்டில் கிடைச்சுதே, அதைப் பாருங்க" என்றாள். நாலாவது நாள் அந்தக் கட்டிலிலேயே போய்விட்டாள்.

இப்படிப்பட்டவர்களை எல்லாருக்கும் பிடிக்கும். பிடிக்காமல் என்ன? அவர்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லையே. நல்லா இருக்கேன் என்று அவர்களே சொல்லிவிடுவதால் யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. சொல்லிவிட்டேன்.

அவள் போய் எட்டு மாசம் கழித்து, மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அலமாரியைத் திறந்தாள். கல்யாணமாகி நகரத்தின் மறுகோடியில் இருக்கிறவள், ஒரு ஆபீசில் வேலை. தினமும் சாயங்காலம் போன் பண்ணி, "நல்லா இருக்கேன்பா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அம்மாவின் நகை, புடவை எதையும் அவள் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியை மட்டும் கூட்டோடு எடுத்தாள்.

"இது எனக்கு வேணும்பா. மத்ததெல்லாம் கடையில வாங்கினது. இது ஒண்ணுதான் நீங்க உங்க கையாலயே அம்மாவுக்குப் பண்ணிக் குடுத்தது."

"எடுத்துக்கோம்மா. அதுக்கென்ன?"

"சும்மா பெட்டியில வைக்கறதுக்கு இல்ல. இதே பிரேம்ல என் பவரைப் போட்டுக் குடுங்க. தினமும் போட்டுக்கறேன். அடுத்த ஞாயிறு வந்து வாங்கிக்கறேன்."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், அந்தக் கண்ணாடியை மேஜையில் வைத்தார். பழைய லென்ஸைக் கழற்றத்தான் எடுத்தார். ஆனால் எந்தக் கண்ணாடி கைக்கு வந்தாலும் முதலில் மெஷினில் வைத்துப் பவரைப் பார்ப்பது அவர் கையின் பழக்கம். வைத்தார். பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

மனைவியின் பவர் அவருக்கு மனப்பாடம். இரண்டு கண்ணுக்கும் சிலிண்டர் பவர் உண்டு. அந்தப் பவருக்கு அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது, லென்ஸ் எந்தக் கோணத்தில் உட்கார்கிறது என்பதுதான் உயிர். வலது கண்ணுக்கு ஒரு பக்கச் சாய்வு, இடது கண்ணுக்கு அதற்கு நேர் எதிர்ச் சாய்வு. மெஷினில் தெரிந்ததோ தலைகீழாக இருந்தது. இடது கண் லென்ஸ் வலது பக்கம் உட்கார்ந்திருந்தது. வலது கண் லென்ஸ் இடது பக்கம். அவள் போட்டிருந்த இரண்டு வருஷமும் அப்படித்தான்.

கண்ணாடியைத் திருப்பி வைத்து மூன்றாம் தடவையும் பார்த்தார் அரைமில்லி.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக் கண்ணாடிக்கு ஏது தட்டும் கார்டும்? அன்று கடை வேலையெல்லாம் முடித்து, வீட்டு வேலைதானே என்று கடைசியில் எடுத்திருந்தார். இரண்டு லென்ஸையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பையிலிருந்து எடுத்தபோது எது வலது, எது இடது என்று மனசாலேயே முடிவு கட்டிப் பேனாவால் குறி போட்டு வெட்டினார். மெஷினைத் துடைத்து உறை போட்டாகிவிட்டதே, இதற்காக மறுபடி திறப்பானேன் என்று அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். ஊரார் கண்ணாடிக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர், கட்டினவளின் கண்ணாடிக்கு ஒரு நிமிஷம் செலவு பண்ணவில்லை.

அவள் சொல்லாமலும் இல்லை. போட்டுக்கொண்ட மறுநாளே சொன்னாள்.

"ஏங்க, எழுத்து கொஞ்சம் ஆடற மாதிரி இருக்கு. தரை வேற ஒரு பக்கமா சாயுது."

"புதுக் கண்ணாடின்னா அப்படித்தான் இருக்கும். ஒரு வாரம் போட்டுப் பழகு, சரியாயிடும்."

கடையில் ஆயிரம் பேருக்குச் சொன்ன பதில். நிஜமாகவே ஆயிரம் பேருக்குச் சரியாகியும் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து, "இப்போ பரவாயில்லையா?" என்று கேட்டார். "பரவாயில்லங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது அவர் முன்னால் இருந்தது ஒரே ஒரு கேள்வி. மகளிடம் சொல்வதா, வேண்டாமா? இரண்டு லென்ஸையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அப்பா கையால் செய்தது என்று மகள் அதைக் கண்ணில் போட்டுக்கொண்டு திரிவாள். ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். கை ஓடவில்லை. கண்ணாடியைக் கூட்டில் போட்டு மூடினார். மகள் பவருக்கான லென்ஸைத் தனியாக வெட்டி, காகிதத்தில் மடிக்காமல், ஒரு தட்டில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் கேட்டு, கண் பரிசோதனை அறையில் லென்ஸை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கும் வட்டப் பிரேமையும் லென்ஸ் பெட்டியையும் வீட்டுக்கு எடுத்துப் போனார். அவள் பார்த்தது போலத் தன் கண்ணுக்கும் தெரிய எந்த லென்ஸ் வேண்டும் என்று கணக்குப் போட்டார். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. காலையில் எழுந்ததும் அதை மாட்டிக்கொண்டார்.

முதலில் தேநீர் போட்டார். டம்ளரில் ஊற்றும்போது விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. பாதி மேடையில் போயிற்று. அடுத்த தடவை டம்ளர் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்தது. அவளும் இப்படித்தான் விரலை வைத்து ஊற்றினாள். "சூடு தாங்குற விரலைப் பாரு" என்று அவர் கேலி பண்ணியிருக்கிறார்.

மாடிப்படி இறங்கினார். ஒவ்வொரு படியும் ஒரு பக்கம் சரிந்து நின்றது. கை தானாகச் சுவரைத் தேடிப் போனது. போன இடத்தில் சுவரில் ஒரு அழுக்குக் கோடு இருந்தது, அவர் தோளுக்குக் கீழே, அவள் கை எட்டும் உயரத்தில். சுண்ணாம்பு அடித்து ஒரு வருஷத்துக்குள் சுவர் எப்படி இப்படி ஆச்சு என்று அவளிடமே சத்தம் போட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் சிரித்துவிட்டுத் துணியை நனைத்துக்கொண்டு வந்து துடைத்தாள்.

கூடத்தில் மாட்டியிருந்த அவள் போட்டோவைப் பார்த்தார். போன வருஷம் எடுத்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாய்வு என்ன அழகு என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்வார்கள். மகளும் அதற்காகத்தான் அந்தப் படத்தைப் பெரிசு பண்ணினாள். அவர் தன் தலையை அதே பக்கம் அதே அளவுக்குச் சாய்த்தார். ஒரு கண்ணில் இருந்த நிழல் விலகிப் படம் கொஞ்சம் தெளிந்தது.

கடைசியாகச் செய்தித்தாளை எடுத்தார். இதைத்தான் அவர் பயந்து பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் காலையில் சாப்பிடும்போது அவள் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பாள். நாளெல்லாம் லென்ஸையே உற்றுப் பார்க்கிற கண்ணுக்குக் காலையிலாவது ஓய்வு வேண்டும் என்று அவளாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். மந்திரி பேசியதைப் படித்தால் மந்திரியைப் போலவே தொண்டையைச் செருமிக்கொள்வாள். வானிலையில் நாளைக்கு வெயில் என்று இருந்தால், "துணி காயும்" என்று தன் பங்குக்கு ஒன்று சேர்ப்பாள். புதுக் கண்ணாடி வந்த பிறகு அது குறைந்தது. முதலில் தலைப்பை மட்டும் படித்தாள். அப்புறம், "நீங்களே பார்த்துக்குங்க, எனக்கு உள்ள வேலை கிடக்கு" என்று எழுந்து போனாள். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அவர் அதை மனசில் வைத்துக்கொண்டார். வயசாக ஆக அவளுக்கு நாம் அலுத்துப்போய்விட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தார். ஒரு நாள் வாயை விட்டுச் சொல்லியும் விட்டார்: "உனக்கு இப்பல்லாம் என்கூட ரெண்டு நிமிஷம் உக்காரக்கூடப் பிடிக்கல." அவள் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலே, காலைச் சாப்பாட்டில் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை.

இப்போது அவர் படித்துப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்துக்குப் பக்கத்திலும் அதன் நிழல் ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்று வரி தாண்டுவதற்குள் நெற்றிப்பொட்டு தெறித்தது. பத்து மணிக்கெல்லாம் கழற்றி வைத்துவிட்டார். இரண்டு வருஷம் சகித்தவளோடு அவரால் ஒரு காலைப்பொழுது போட்டிபோட முடியவில்லை. வெறும் கண்ணோடு அந்தச் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். அவள் செத்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. அம்மாவுக்கு அழுதாப் பிடிக்காதுப்பா என்று மகள் சொன்னதால் அன்றைக்கு எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வந்ததும் கையை நீட்டினாள்.

"எங்கப்பா, ஆச்சா?"

அவர் அவளை உட்காரச் சொன்னார். கண்ணாடியை மேஜையில் வைத்தார். பக்கத்தில் அவளுக்காக வெட்டின லென்ஸ் இரண்டையும் தட்டோடு வைத்தார்.

"இன்னும் மாத்தல. மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்ததை, மெஷினைத் திறக்கச் சோம்பல் பட்டதை, டம்ளரை, சுவரை, போட்டோவை, செய்தித்தாளை எல்லாம் சொன்னார். மகள் போட்டோ பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"சொன்னா. பழகிடும்னுட்டேன்."

"படிக்கறதை ஏன் விட்டாங்கன்னு நீங்க கேட்கவே இல்லையா?"

"கேட்கல. கோவிச்சுக்கிட்டேன்."

மகள் கண்ணாடியைக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னாள்:

"என்கிட்ட ஏம்பா சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா நான் சந்தோஷமா போட்டுக்கிட்டு இருந்திருப்பேனே."

சொன்னால் பாரம் குறையும் என்று அவர் நினைத்தது பொய்யாகப் போயிற்று. தன்னிடம் இருந்த பாரம் அப்படியே இருக்க, அதே அளவு இன்னொன்று மகள் தலையிலும் ஏறியிருந்தது.

"உங்க மேல எனக்குக் கோபம்தான்பா" என்றாள். "அம்மா மேல அதை விட. ரெண்டு வருஷம்! ஒரு நாள் அந்தக் கண்ணாடியைக் கழட்டி உங்க முன்னாடி போட்டு, இதை மாத்தித் தாங்கன்னு சத்தம் போட்டிருக்கலாம்ல? அப்படி என்ன பரவாயில்ல வேண்டிக்கிடக்கு!"

குரல் உடைந்துவிட்டது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழாதே என்று அவருக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அழுகை ஓய்ந்ததும், தலையைத் தூக்காமலேயே பேசினாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்பா."

"சொல்லும்மா."

"நான் நல்லா இல்ல. தினமும் போன்ல பொய்தான் சொல்றேன். ஆபீஸ்ல மத்தியானம் ஆனா மாடிப்படியில போய் உக்காந்துடறேன், யாருக்கும் தெரியாம. சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டு வரேன். எட்டு மாசமா இப்படித்தான் இருக்கேன்."

இத்தனை நாள் போனில் அவள் குரலைக் கேட்டு, பெண் தைரியமாக இருக்கிறாள் என்று நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார்.

"எந்த மாடிப்படி?" என்று கேட்டார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல."

"எவ்வளவு நேரம் உக்காந்திருப்பே?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.