வீட்டை மீட்ட கோபம்

அப்துல் கனி நாலு வருஷம் தன் சொந்த வீட்டுக்கு நேர் எதிரே வாடகைக்குக் குடியிருந்தார். வேறு இடம் கிடைக்காமல் அல்ல. பின்தெருவில் இதைவிடக் குறைந்த வாடகைக்கு, கிணற்றோடு ஒரு வீடே காலியாக இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டு முன்னறையைக் கேட்டு வந்தார். காற்று வராத அறை அது. தேங்காயும் பழைய பெட்டிகளும் போட்டு வைத்திருந்தோம். ஏன் இங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "காலைல கதவைத் தொறந்தா என் வூடு கண்ணுல படணும். அதுக்குள்ள வேற ஆளு நடக்கிறது தெரியணும். அப்பத்தான் எனக்கு ரோஷம் வரும்" என்றார்.

ரோஷத்துக்காக வாடகை கொடுத்த மனிதரை வில்லியனூரில் அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

வீடு போக்கியத்தில் இருந்தது. போக்கியத்தில் வட்டி கிடையாது, வாடகையும் கிடையாது. பணம் கொடுத்தவர் வீட்டில் குடியிருப்பார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காலி செய்துகொண்டு போவார். மார்க்கத்தில் வட்டி ஆகாது என்பதால் எங்கள் சுல்தான்பேட்டையில் இப்படி எழுதிக்கொள்வது வழக்கம். கனி எழுதிக் கொடுத்தது ஏழு வருஷத்துக்கு. ஏழு வருஷத்தில் கொடுக்க முடியாவிட்டால், மேற்கொண்டு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டை அவருக்கே கிரயம் செய்துவிட வேண்டும் என்பது பேச்சு.

பணம் வாங்கியது தம்பி அப்துல் ஹலீமுக்காக. எழுபத்தாறில் துபாய் துபாய் என்று எல்லோரும் கிளம்பிய நேரம். ஒரு ஏஜெண்டிடம் மொத்தப் பணத்தையும் கட்டி ஹலீமை அனுப்பி வைத்தார்கள். ஏஜெண்ட் பம்பாயில் காணாமல் போனான். ஹலீம் மூன்று மாதம் பம்பாயைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சதை போட்டுத் திரும்பி வந்தான். அதன் பிறகு அண்ணனின் சைக்கிள் கடையிலேயே பஞ்சர் ஒட்டினான். துபாய் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஏழு வருஷம் எனக்கு வேண்டாம், நாலு வருஷத்தில் மீட்பேன் என்று கனி ஊரெல்லாம் சொன்னார். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அபிஷேகப்பாக்கத்தில் ஒரு காணி நிலம் இருந்தது. அதை இதே மாதிரி போக்கியத்துக்கு விட்டுவிட்டு, கெடு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர் நிம்மதியாக இருந்தார். கெடு முடிந்த அன்றும் நிம்மதியாகத்தான் இருந்தார். நிலம் போய்விட்டது. கனி சின்ன வயதில் அந்த வரப்பில் நடந்தவர். பேருந்தில் அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போக்கியப் பணம் கொடுத்து வீட்டுக்குக் குடிவந்தவர் ஹபீப் முகமது. சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். அங்கே ஆட்சி மாறியதும் கடையையும் வீட்டையும் அப்படியே விட்டுவிட்டு, மனைவி ஆமினா பீவியோடும் இரண்டு பெட்டியோடும் ஊர் திரும்பியவர். பிள்ளைகள் இல்லை. பெரிய உடம்பு, சின்னக் குரல். வாசலில் சாய்வு நாற்காலி போட்டு, காலையில் டின் பால் ஊற்றிய காப்பியைக் குடித்துக்கொண்டு பேப்பர் படிப்பார்.

முதல் வருஷம் கனியின் ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. விடிந்ததும் கதவைத் திறப்பார். எதிரே தன் வாசலில், தன் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் காப்பி குடிப்பதைப் பார்ப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குப் போவார். மற்ற கடைகள் திறக்குமுன் அவர் கடை திறந்திருக்கும். வெற்றிலையை விட்டார், சினிமாவை விட்டார். மிச்சப்பட்டதை எல்லாம் அவர் மனைவி நூருன்னிசா தபாலாபீசில் கட்டினாள். நூருன்னிசாவுக்கு என் வயதுதான். முன்னறைக்கு வந்த ஒரு மாதத்திலேயே எனக்கு நல்ல சிநேகிதியாகிவிட்டாள்.

இதில் ஒரே ஒரு கோளாறுதான். ஹபீப் முகமது நல்லவராக இருந்துவிட்டார்.

மழைக்கு ஓடு ஒழுகியது. போக்கியத்தில் இருப்பவர் வீட்டுச் சொந்தக்காரரைத்தான் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்வார். இவர் தன் கைக்காசைப் போட்டு ஓடு மாற்றினார். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்தார். பெருநாளன்று பிரியாணிச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து, "தம்பி, உன் வூட்டு அடுப்புல ஆக்கினது" என்று கொடுத்தார். இப்படிப்பட்ட ஆளிடம் எவ்வளவு நாள் பல்லைக் கடிக்க முடியும்?

இரண்டாம் வருஷம் கனி கடையை மூடிவிட்டு நேராக எதிர்வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். தன் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து காப்பி குடித்தார். ஹபீப் சைகோன் கதை சொல்வார். மழைக்காலத்தில் தெருவே ஆறாக ஓடுமாம், படகில் வந்து துணி வாங்குவார்களாம். கனி வாயைப் பிளந்து கேட்பார். அண்ணே அண்ணே என்று உயிரையே விட்டார். வெற்றிலை திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை சினிமாவும் வந்தது, இருவரும் சேர்ந்தே போனார்கள். கடை திறக்கிற நேரம் மெல்ல மெல்லத் தள்ளிப்போனது. தபாலாபீசுக்குப் போக நூருன்னிசாவுக்கு வேலை இல்லாமல் போனது.

அவள் ஒருநாள் கேட்டே விட்டாள். அதற்கு கனி ரொம்ப நிதானமாக, "அந்த வூட்டுல அவரு இருந்தா இன்னா, நான் இருந்தா இன்னா? கெடுதான் இருக்குதே, பார்த்துக்கலாம்" என்றாராம்.

நூருன்னிசா அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். மாமனார் செத்த பிறகு அதே பேச்சை மறுபடியும் கேட்கிறேன் என்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆமினா பீவியைப் பார்க்கப் போனாள். நாங்கள் போனபோது அந்தம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு கொஞ்சம் கெட்டவரா இருக்கணும்" என்றாள் நூருன்னிசா.

ஆமினா பீவி மீனிலிருந்து கையை எடுக்காமல், "எவ்ளோ கெட்டவரா?" என்றார்.

"எங்க வூட்டுக்காரருக்கு சோறு எறங்காத அளவுக்கு."

எல்லாவற்றையும் சொன்னாள். அந்தம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நீ எதிரே நின்று பார்க்கும்போது உன் அடுப்பைப் பற்ற வைக்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றார். பேசிப் பார்க்கிறேன் என்று அனுப்பி வைத்தார். ஹபீப் முதலில் முடியவே முடியாது என்றாராம். இந்த ஊரில் எனக்கு இருப்பதே ஒரு சிநேகிதன் என்றாராம். இரண்டு நாள் கழித்து அவரே நூருன்னிசாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"வூட்டை வுட்டுட்டு வந்தவன் நான். வூடு போனா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா கெட்டவனா இருக்க எனக்குத் தெரியாதே. நீங்கதான் சொல்லித் தரணும்."

உண்மையாகவே தெரியவில்லை. முதலில் கனி சலாம் சொன்னால் பதில் சொல்லாமல் போவது என்று முடிவாயிற்று. சலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பாவம் என்று, மனிதர் பதிலை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். கனி, அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொண்டுபோனார். அடுத்து, கனியின் அத்தா வைத்த கொய்யா மரத்தில் ஒரு பெரிய கிளையை வெட்டச் சொன்னோம். வெட்டினார். கனி பார்த்துவிட்டு, கழித்து விட்டால் நன்றாகக் காய்க்கும், எனக்கே தோன்றவில்லை என்று மெச்சினார். நம்மால் ஆகாது என்று ஹபீப் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் வழி சொன்னவள் நூருன்னிசாதான். எங்கே அடித்தால் வலிக்கும் என்று பெண்டாட்டிக்குத் தெரியாதா? வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். மறுநாள் கடைத்தெரு டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது ஹபீப் அதை ஒப்பித்தார். கனி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"கனி எங்க மீட்கப் போறான். அவங்க அத்தா நிலத்தை வுட்ட மாதிரி இவனும் வூட்டை வுட்டுடுவான். கெடு முடியட்டும், முன்பக்கத்தை இடிச்சிட்டு நான் கடை கட்டப் போறேன்."

கனி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நூருன்னிசாவும் சாப்பிடவில்லை. அவள் எங்கள் கொல்லைப்புறத்தில் வந்து உட்கார்ந்து, நான் செய்தது சரியா என்று என்னைக் கேட்டாள். நான் அவளுக்கு ஒரு தம்ளர் டீ போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. காலையில் ஹபீப் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் முறைப்பார். ஆமினா பீவி உள்ளே கண்ணாடி முன்னால் நிறுத்திப் பழக்கிய முறைப்பு அது. அந்த முகத்தை ஒருமுறை பார்த்தால் கனிக்கு அன்றைய வேலைக்குப் போதும். மில்லில் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு மில் வாசலில் போய் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார். கல்யாணங்களுக்கு பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டார். ஹலீம்கூட இளைத்துப்போனான். பள்ளிவாசலில் ஹபீப் நிற்கிற வரிசையில் கனி நிற்க மாட்டார். அவர் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. எங்கள் முன்னறையிலிருந்து அவர் திட்டுகிற திட்டு எங்கள் அடுப்படி வரை கேட்கும். கேட்டுக் கேட்டு எனக்கே சில நாள் ஹபீப் மேல் கோபம் வந்தது, எல்லாம் தெரிந்தும்.

அந்தப் பக்கம் ஹபீப்புக்குப் பேச ஆள் இல்லை. சாயங்காலம் இரண்டு தம்ளரில் காப்பி போடச் சொல்லிவிட்டு, பிறகு ஒன்றை ஆமினா பீவியைக் குடிக்கச் சொல்வாராம். என்னைத் தெருவில் பார்த்தால் தணிந்த குரலில், "கைரு, இன்னும் எவ்ளோ பாக்கியாம்?" என்று கேட்பார். ஒருமுறை, மிச்சப் பணத்தை நானே ரகசியமாகத் தருகிறேன், அதைச் சேர்த்து என்னிடம் கட்டச் சொல்லிவிடு என்று நூருன்னிசாவிடம் சொல்லியனுப்பினார். சீக்கிரம் நல்லவனாகிவிட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு அவசரம். நூருன்னிசா ஒத்துக்கொள்ளவில்லை.

சொன்னபடியே நாலாம் வருஷம் கனி பணத்தைச் சேர்த்துவிட்டார். புதுச்சேரிக்குப் போய் பத்திரம் பதிகிற நொத்தேர் முன்னால் பணத்தைக் கொடுத்தார். ஹபீப் எண்ணிப் பார்க்காமலே வாங்கி, கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே ஹபீப் பின்தெருவுக்குக் குடிபோனார். கிணற்றோடு கூடிய அந்த வீடுதான். கனி உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினார் என்றுதான் நினைக்கிறேன். பெருக்கி, கழுவி, அடுப்பு மெழுகி வைத்திருந்தது.

அன்று சோறு போடும்போது நூருன்னிசா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கனி சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"அத்தா பேச்சும்?" என்று மட்டும் கேட்டார்.

"அதை நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அவள்மேல் கோபப்படவே இல்லை. மறுநாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, அல்வா வாங்கிக்கொண்டு ஹபீப்பிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். போன வேகத்தில் அல்வாவோடு திரும்பி வந்தார். வாசலில் நின்றிருந்த எங்கள் இருவரையும் பார்த்து, "எல்லாம் தெரியுது. அவரு எனக்காகத்தான் பண்ணாரு. ஆனா மூஞ்சியைப் பார்த்ததும் ரத்தம் கொதிக்குது. நான் இன்னா பண்றது?" என்றார்.

மறுபடி போனார், மறுபடி திரும்பினார். இரண்டு வருஷம் தினமும் காலையில் ஊட்டி வளர்த்த கோபம், பணம் கட்டிய ரசீதைப் பார்த்து இறங்கிப் போகவில்லை. ஹபீப்பும் ஒப்புக்கொண்டார், கனியைக் கண்டால் தனக்கும் தானாகவே முறைப்புதான் வருகிறதாம், சிரிக்கலாம் என்றால் முகம் இடம் கொடுக்கவில்லையாம். கேட்க வேடிக்கையாக இருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு அது வேடிக்கையாக இல்லை.

கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சைக்கிள் கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். இருவரும் ரோட்டைப் பார்ப்பார்கள். தலையைத் திருப்பாமல் பேசினால் ஒன்றும் ஆவதில்லை. பழைய மாதிரி சைகோன் கதை, சினிமாக் கதை, எல்லாம் வந்தது. அண்ணே என்ற வார்த்தையும் வந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் இரண்டு பேரும் ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பதாக நினைப்பார்கள். ஐந்து வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். மறந்துபோய் ஒருவர் திரும்பிவிட்டால் அன்றைக்கு அதோடு பேச்சு நின்றுவிடும்.

எண்பத்தைந்தில், மழை விட்டிருந்த ஒரு காலையில், ஹபீப் முகமது மௌத்தானார். மாரடைப்பு என்றார்கள். குளிப்பாட்டி, கஃபன் உடுத்தி, பின்தெரு வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தது. தூக்குவதற்கு முன்னால், முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் துணியை விலக்கினார்கள். ஆண்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கனி கடைசியில் வந்தார். உள்ளறையில் பெண்களோடு நின்றிருந்த எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நேரமாகிறது என்று ஒருவர் தோளைத் தொட்டார். கனி தோளில் இருந்த கையை எடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"இருப்பா, கொஞ்ச நேரம் பார்த்துக்கிறேன்" என்றார். "இப்பக் கோபம் வரலை."