உள்ளிருந்து ஓடும் தட்டு

கூலாய் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை, நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஆளுக்கொரு பழைய கிராமபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கடைக்காரரை எல்லோரும் பாய் என்போம். மாடியும் அவருடையது, தேநீரும் அவருடையது என்பதால் சட்டமும் அவர் போட்டதுதான். ஒரு இசைத்தட்டுக்கு ஒரு புது ஊசி. தேய்ந்த ஊசி தட்டைச் சுரண்டிவிடும், அதனால் பாட்டு முடிந்ததும் அதைக் கழற்றிக் காலிப் பால் டின்னில் போட்டுவிட வேண்டும். டின்னில் ஊசி விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் யாரும் வாயைத் திறக்கலாம்.

நான் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆனால் புதிதாக மாலை போட்டவன் மாதிரி ஆசாரம் பார்ப்பேன். சாவி கொடுத்து ஓடுவதுதான் கிராமபோன். சிம்பாங் ரெங்கத்திலிருந்து வரும் ஒரு சீன டீச்சர் மட்டும் கரண்டில் ஓடும் பெட்டி வைத்திருந்தார். அதை நான் மிக்சி என்பேன். "டீச்சர், இன்னிக்கு என்ன சட்னி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். அவரும் சிரித்துவைப்பார்.

நான் கிராமபோன் வாங்கியதே ஒரு தட்டுக்காகத்தான். அம்மா போன பிறகு, அவளுடைய பெட்டியில் கூறைப்புடவைக்கு நடுவே கிடைத்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பூச்சி தின்றிருந்தது. அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தக் காலத்தில் அங்கே ஒரு கூண்டுக்குள் காசு போட்டுப் பேசினால், பேச்சைத் தட்டாக்கிக் கையில் கொடுப்பார்களாம். அப்படி ஒன்று தபாலில் வந்ததாக அம்மா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

நான் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு அப்பா லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். செடெனாக்கில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் அத்தை சொல்வாள்: "ஒங்கப்பனுக்கு நீ வரப்போறதே தெரியாதுடா." அம்மா விடமாட்டாள். "ஒனக்குப் பேரு வச்சதே அவருதான்" என்பாள். அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அறுபது வயதாகியும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு என்னைத் தெரியுமா, தெரியாதா?

வீட்டில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். எல்லாத் தட்டுக்கும் வைப்பதுபோல ஓரத்தில் இரும்பு ஊசியை வைத்தால், கர்ரென்று ஒரு சத்தம், ஊசி வெளியே வழுக்கி விழும். என் பெட்டியில்தான் கோளாறு என்று முடிவு செய்து, ஒரு ஞாயிறு தட்டையும் பெட்டியோடு மாடிக்குக் கொண்டுபோனேன்.

"பாய், ஒங்க பெரிய பெட்டியில போடுங்க."

டீச்சர் தட்டை வாங்கிப் பார்த்தார். "இது மெழுகு மாதிரி மெலிசு. இரும்பு ஊசி உழுதுவிடும்" என்று மலாயில் சொன்னார். "என் பெட்டியில் போடலாம். அதன் ஊசி ரொம்ப லேசு."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. "எங்கப்பா கொரலை மிக்சியில போட்டுக் கேக்கணுமா? என் தட்டு, நான் போட்டுக்கறேன்" என்று எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கத்திவிட்டு, தட்டைப் பிடுங்கிக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டேன்.

பாய் பின்னாலேயே வந்தார். "கோவப்பட்டு என்னாங்க ஆவப்போவுது? தட்டு ஒண்ணுதான் இருக்கு லா. அந்தம்மா பாக்கட்டும், வாங்க" என்றார். வெட்கமாக இருந்தது. ஏறிப் போனேன்.

டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "ஓரத்தில் ஊசி வைத்தீர்களா?"

"மூணு தடவை."

"இது உள்ளிருந்து வெளியே ஓடுகிற தட்டு. காகிதத்தில் எழுதியிருந்திருக்கும், பூச்சி தின்றுவிட்டது. நீங்கள் கீறியது கடைசிப் பகுதியை மட்டும்தான்." பிறகு, "வரிகள் வெளுத்திருக்கின்றன. யாரோ இதை நிறைய முறை கேட்டிருக்கிறார்கள்" என்றார்.

தோட்டத்தில் கிராமபோன் இருந்தது கணக்கெழுதும் கிராணி வீட்டில் மட்டும்தான். அம்மா வீடு கூட்டப் போனதும் அங்கேதான். தட்டை டீச்சர் கையிலேயே விட்டேன்.

டீச்சரின் பெட்டியில் ஊசி நடுவில் இறங்கியது. இரைச்சல். பிறகு ஓர் இளைஞனின் குரல், என் மகனைவிடச் சின்ன வயது. கூண்டுக்குள் கூச்சப்பட்டுக்கொண்டு கத்திப் பேசுகிறான்.

"நான் நல்லாருக்கேன். கடுதாசி கெடச்சுச்சு. நீ பால் வெட்டப் போவாத, கனம் தூக்காத. பொண்ணு பொறந்தா எங்கம்மா பேரு வையி. பையன்னா…"

கர். கர். கர். என்னுடைய மூன்று கீறல்கள். ஊசி வெளியே நழுவியது. அப்பா சொன்ன பேரை நானே சுரண்டி எடுத்திருந்தேன்.

டீச்சர் பெட்டியில் கழற்றிப் போட ஊசி கிடையாது, டின்னில் சத்தம் வந்தால்தானே பேசலாம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அந்தத் தட்டில் வைத்த இரும்பு ஊசி என் பெட்டியிலேயே செருகியிருந்தது. கழற்றி டின்னில் போட்டேன்.

பாய் என் தோளில் கை வைத்தார். "பேரு எங்கயும் போவலையே. நாங்க எப்பவும் கூப்பிடுறது அதத்தானே" என்றார்.

பிறகு கீழே அடுப்படிப் பக்கம் திரும்பி, என் பெயரைச் சொல்லி, அவருக்கு நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் என்று குரல் கொடுத்தார்.